கெப்பிளரும் எட்டுக் கலையும்

நம்புவதும் நம்பாதொழிவதும் அவரவர் விருப்பம் என்று கூறி வழக்கை முடித்துக்கொள்வது நம்மவர்க்குக் கைவந்த வழி. திண்ணைப் பேச்சிலும் இதனைக் கேட்கின்றோம், பட்டிமண்டபத்திலும் கேட்கின்றோம். உடுக்கும் உடையைத் தெரிந்துகொள்வது போல ஒருவன் தன் நம்பிக்கையையும் தெரிந்துகொள்கிறான் என்பது இக்கூற்றின் உட்கிடை. இஃது உண்மையாயின், ஒன்று மெய்யென நமக்குத் தோன்றுவது நமது ஏவலுக்கு அடங்கியதாதல் வேண்டும். நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு இஃது இரவு என்று மெய்யாகவே நம்பிவிட எவரேனும் முயன்று பார்க்கலாம். வாயினாற் சொல்லுதல் எளிது, உள்ளம் உடன்படாது.

அங்ஙனமாயின், நம்பிக்கை முழுவதும் கண்கண்ட நிகழ்ச்சிகளால் ஆக்கப்படுவதோ எனின், அதுவும் அன்று. ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவர் இருவேறு முடிபு கொள்வதை நாடோறும் காண்கின்றோம். இவற்றுக்கு இடைப்பட்ட நிலையை வாதத்தால் விளக்குவதினும் ஒரு வாழ்க்கையாற் காட்டுவதே தக்கது என எண்ணி, ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் மறைந்த செருமானிய வானூலறிஞர் யோகான் கெப்பிளரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். நம்பிக்கை என்னும் சொல் தமிழிலே பற்றுறுதியையும், எதிர்பார்ப்பையும், ஒருவர் மேல் வைக்கும் விசுவாசத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது, இன்னது மெய் என்று உள்ளம் ஏற்றுக்கொள்வதை மட்டுமே குறித்து நிற்கும்.

தமிழாசிரியன் வானூல் பேசலாமோ என்று விஞ்ஞான ஆசிரியர்கள் நகைக்கக்கூடும். நம் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கமும் உண்டு. திருக்கணித பஞ்சாங்கமும் உண்டு. வருடப்பிறப்பு நேரம் இரண்டிலும் வேறுபடுகின்றது. எதனைக் கொள்வது என்பது வீட்டுக்கு வீடு வழக்கு. கோள் நிற்கும் இடத்தைக் கண்ணாற் கண்டு, கண்டதற்கு இயையக் கணக்கைத் திருத்த வேண்டும் என்னும் கொள்கைக்கு மேனாட்டிலே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் கெப்பிளர். ஆதலின், அவ்வழக்கில் ஒருமுறையேனும் தலையிட்ட எவர்க்கும் அவரைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்க.

கெப்பிளர் 1571ஆம் ஆண்டு மார்கழி மாதம் 27ஆந் திகதி, தென்மேற்குச் செருமனியில் வைல் என்னும் சிற்றூரிலே குறைமாதப் பிள்ளையாய்ப் பிறந்தார். தந்தை கூலிக்குப் போர்செய்யும் வீரர். குடும்பத்தை விட்டகன்று பின் மீளாது போனவர். தாய் கத்தரீனா சத்திரக்காரர் ஒருவரின் மகள். பச்சிலை மருந்து அறிந்தவர். சிறு வயதிற் கண்ட அம்மைநோய் பிள்ளையின் பார்வையை மழுக்கிக் கைகளையும் ஊனப்படுத்திற்று. வானத்தை அளக்கப் பிறந்தவருக்கு வாய்த்த கண்கள் அத்தகையன. எனினும் 1577இல் பெரியதொரு வால்வெள்ளி தோன்றியபோது, அத்தாய் ஆறு வயதும் நிரம்பாத மகனை மேட்டிடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். அத்தாய்க்குப் பின்னர் நேர்ந்ததை உரிய இடத்திற் கூறுவேன்.

வறியவராயினும் கூரிய அறிவினராதலின், அரசின் உதவிப்பணம் பெற்றுத் தூபிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். லூத்தரன் சபைப் போதகராவதே அவர் கருதிய தொழில். அங்கே மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர் கொப்பேர்னிக்கசின் கொள்கையை அவருக்கு உணர்த்தினார். பூமி நடுவில் நிற்க ஞாயிறு சுற்றுகின்றது என்பது அக்காலத்தார் துணிபு. ஞாயிறு நிற்கப் பூமியும் ஏனைய கோள்களும் சுற்றுகின்றன என்பது 1543இல் வெளிவந்த கொப்பேர்னிக்கசின் நூல் கூறிய புதுமை. மாணவர் அதனைக் கேட்டார், ஏற்றார். போதகராகுமுன், 1594இல், கிராட்ஸ் நகரப் பாடசாலை ஒன்றிற் கணித ஆசிரியர் பதவி வந்து வாய்த்தது. ஆண்டுக்கொரு பஞ்சாங்கம் கணித்து வரும்பொருள் உரைப்பதும் அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வருமென அவர் முதற் பஞ்சாங்கத்திற் குறித்தார். இரண்டும் வந்தன. ஊரவர் வியந்தனர், அவரோ பொதுமக்கள் சோதிடத்திற் பெரும்பகுதியை மதித்தவரல்லர்.

1595ஆம் ஆண்டு ஆடி மாதம் வகுப்பிலே கரும்பலகையில் வட்டமும் முக்கோணமும் வரைந்து நிற்கையில் அவருள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னிற்று. அன்று அறியப்பட்ட கோள்கள் பூமியோடு ஆறு. எல்லா முகங்களும் ஒத்த திண்மங்களோ ஐந்தே: நான்முகி, சதுரமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஆறு கோள்களின் இடைவெளியும் ஐந்து. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு திண்மத்தை வைத்தே இறைவன் இவ்வுலகைச் சமைத்தான் போலும்! அளந்து பார்த்தார், முற்றும் பொருந்தாவிடினும் வியக்கத்தக்க அளவிற் பொருந்திற்று. 1596இல் அதனை நூலாக்கினார். இவ்வெண்ணத்தின் மேல் அவர் கொண்ட காதல் இறக்கும்வரை தணியவில்லை. இன்று நாம் அறிய அது முழுப் பிழை. பிழையான அவ்வெண்ணமே அவரை நல்ல அளவைகளைத் தேடி ஓடச்செய்தது.

அக்காலத்தில் மிகச் சிறந்த அளவைகளை வைத்திருந்தவர் தென்மார்க்கு நாட்டுத் தைக்கோ பிராகே. தொலைகாட்டி தோன்றாத அந்நாளில், பெரிய உலோகக் கருவிகளைக் கொண்டு வெறுங் கண்ணாலே கோள்களின் இடங்களைப் பல்லாண்டுகளாகக் குறித்து வந்தவர். அவை பெரும்பாலும் இரண்டொரு கலைக்குட் சரியானவை. பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை என்பது பஞ்சாங்கம் பார்ப்போர் அறிந்தது. 1600இல் கெப்பிளர் அவரைப் பிராக் நகரின் அருகே சென்று கண்டார்.

அவ்வாண்டிலேயே கிராட்சில் இடி விழுந்தது. நாட்டை ஆண்ட கத்தோலிக்க இளவரசர், குடிகள் தமது சபையைத் தழுவ வேண்டும், அல்லது வெளியேற வேண்டும் என ஆணையிட்டார். கெப்பிளர் தழுவவில்லை. மனைவியின் சொத்து அந்நாட்டில் இருந்தது. வேறிடத்தில் உறுதியான வேலை இல்லை. ஆயினும் குடும்பத்தோடு வண்டியேறினார். பிராக் நகரிலே தைக்கோ அவரைத் துணைக் கணிதராக ஏற்றார். அடுத்த ஆண்டு தைக்கோ இறந்தார். பேரரசர் இரண்டாம் ருடோல்பு கெப்பிளரை அரசவைக் கணிதராக்கினார். செவ்வாயின் அவதானங்கள் கெப்பிளரின் கையிற் சேர்ந்தன.

செவ்வாயின் ஒழுக்கை எட்டு நாளிற் கணித்து முடிப்பதாக அவர் பந்தயங் கூறினார். ஐந்தாண்டுக்கு மேற் சென்றது.

இவ்விடத்திலே சற்று நின்று நோக்குதல் வேண்டும். வானத்துப் பொருள்கள் வட்டத்திலேயே இயங்கும் என்பது கிரேக்கர் காலந்தொட்டு ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக ஐயமின்றி நிலவிய நம்பிக்கை. கொப்பேர்னிக்கசும் வட்டத்தை விட்டாரல்லர். கெப்பிளருக்கும் வட்டம் வெறுங் கொள்கையன்று, நிறைவின் வடிவம். ஆகவே வட்டத்தை வைத்துக்கொண்டே தொடங்கினார். ஞாயிற்றை நடுவினின்றும் சிறிது விலக்கி வைத்து, தைக்கோவின் அவதானங்களுள் நான்கினை அச்சாணியாகக் கொண்டு, ஒரே கணக்கை ஏறத்தாழ 70 முறை திரும்பத் திரும்பச் செய்தார். கணிக்கும் பொறியேதும் இல்லாத காலம் அது. மடக்கை வாய்பாடும் இன்னும் வெளிவரவில்லை. இறுதியில் விடை வந்தது. எஞ்சிய அவதானங்களோடு ஒப்பிட்டார். இரண்டு கலைக்குள் ஒத்தது. வேறொருவராயின் அன்றே நூலை அச்சுக்குக் கொடுத்திருப்பார்.

அவர் கொடுத்திலர். ஞாயிற்றிலிருந்து செவ்வாயின் தூரத்தை வேறுவகை அவதானங்களைக் கொண்டு சோதித்தார். கணக்குப் பொய்த்தது. தூரத்துக்கு இயையத் திருத்தியபோது, வானில் அக்கோளின் இடம் 8 கலை பிறழ்ந்தது. முழுமதியின் அகலம் ஏறத்தாழ 30 கலை. அதிற் கால்வாசியளவே இப்பிறழ்ச்சி. முன்னிருந்த வானூலார் இதனைப் பிழையென்றே எண்ணார். அவர்களுடைய அவதானங்களே 10 கலை வரை வழுவக்கூடியன. கெப்பிளரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். தைக்கோ அன்று தளர்ந்திருந்தார் என்றோ, கருவி அசைந்தது என்றோ காரணங் கூறியிருக்கலாம். ஆனால் தைக்கோ அளந்த வகையை அவர் அறிவார். அவ்வளவையில் 8 கலைப் பிழை நேராது என்று அவர் உள்ளம் உறுதியாகக் கூறிற்று. அக்கணமே வட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டங் கண்டது.

வட்டத்தை நம்புவதில்லை என்று அவர் தீர்மானஞ் செய்யவில்லை. நம்ப முடியாமற் போயிற்று. காதலித்த ஒன்றை உள்ளம் தானாகவே கைவிட்டது. அவர் தாமாகத் தெரிந்துகொண்டது வேறு: வந்த விடை இனிதாயிருந்தபோதும் இன்னும் ஒருமுறை சோதிப்பதையும், 8 கலையை 8 கலையாகவே எண்ணுவதையும் அவர் தெரிந்துகொண்டார். நம்பிக்கை நம் ஏவலுக்கு அடங்காதாயினும், எதனை உற்று நோக்குவது, எதனைக் காணாததுபோல் விடுவது என்பது பெரும்பாலும் நம் கையில் உள்ளது. இன்னொன்றும் இங்கே புலனாகின்றது. வட்டத்தை வீழ்த்திய அவ்வுண்மை அவர் தம் கண்ணால் அளந்ததன்று. இறந்துபோன ஒருவரின் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. தைக்கோவின் நேர்மையையும் திறனையும் நம்பியமையாலேயே அவ்வெண்கள் அவருக்கு உண்மைகளாயின. ஒரு நம்பிக்கையை அசைப்பதற்கு மற்றொரு நம்பிக்கை நெம்புகோலாக நின்றது.

வட்டம் போன பின் எது? முட்டை வடிவம் ஒன்றைக் கொண்டு நெடுங்காலம் இடர்ப்பட்டார். அதன் பரப்பைக் கணிப்பது கடினமாதலின், உதவிக்கு நீள்வளையத்தைப் பயன்படுத்தினார். வேண்டிய விடை கருவியாகவே கையில் இருந்தும் அதனை விடையென்று அவர் உணராதது விந்தையே. 1605இல் உணர்ந்தார். கோள்கள் நீள்வளையத்திற் செல்கின்றன. அதன் குவியமொன்றில் ஞாயிறு நிற்கின்றது. கோளையும் ஞாயிற்றையும் இணைக்குங் கோடு சம காலங்களிற் சம பரப்புகளைக் கடக்கின்றது. 1609இல் வெளிவந்த அவருடைய புதிய வானூலில் இவ்விரு விதிகளும் இடம்பெற்றன. செவ்வாயின் ஒழுக்கிலே நெடிய அச்சுக்கும் குறுகிய அச்சுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு அரைவீதமும் இல்லை. தாளில் வரைந்தால் வட்டமென்றே கண் கூறும்.

அடுத்த ஆண்டு இத்தாலியில் கலிலியோ தொலைகாட்டி வழியாக வியாழனைச் சூழ்ந்த நான்கு சிறு கோள்களைக் கண்டதாக அறிவித்தார். பலர் நகைத்தனர்; சிலர் தொலைகாட்டியிற் பார்க்கவும் மறுத்தனர். கெப்பிளர் தாம் காணுமுன்னரே கலிலியோவின் உரையை ஏற்று எழுதினார். பின்னர், சிற்றரசர் ஒருவரின் தொலைகாட்டியை இரவலாகப் பெற்றுத் தாமும் கண்டு உறுதிசெய்தார். காட்சி, கருதல், உரை என நம் அளவை நூலார் கூறும் மூன்றனுள், உரையைத் தக்கார் வாய்க் கேட்டு, அதனைக் காட்சியாற் சோதித்தவர் என்று இவரைக் கூறலாம். கலிலியோவோ நீள்வளையத்தை ஏற்றாரில்லை. 1632இல் அவர் எழுதிய பெருநூலிலும் கோள்கள் வட்டத்திலேயே சுற்றின. அத்துணைப் பேரறிஞர்க்கும் அந்த 8 கலை கண்ணிற் படவில்லை. உண்மை எதிரே நின்றால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

1611ஆம் ஆண்டு கெப்பிளருக்குக் கொடியது. மகன் ஒருவன் அம்மையால் இறந்தான். மனைவி காய்ச்சலால் இறந்தாள். புரவலரான பேரரசர் அதிகாரம் இழந்தார். மறு ஆண்டு லின்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே இருந்தது தமது லூத்தரன் சபையே. ஆறுதல் கிடைக்கும் என எதிர்பார்த்திருப்பார். சபையின் கொள்கைப் பத்திரத்தில் முழு மனத்துடன் கையொப்பமிட்டாலன்றித் திருவிருந்தில் இடமில்லை என்றார் அவ்வூர்ப் போதகர். அத்திருவிருந்திலே கிறித்துவின் உடல் இருக்கும் வகை பற்றிய ஓர் உட்பிரிவிற் கெப்பிளருக்கு ஐயம் இருந்தது. ஏனையவெல்லாம் ஏற்பேன், அஃதொன்று மட்டும் இயலாது என்பது அவர் நிலை. போதகர் இணங்கவில்லை, மேலிடத்தாரும், பழைய பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் இணங்கவில்லை. 1619இல் விலக்கு முடிந்த முடிபாயிற்று. அதே ஆண்டில் அவருடைய வானூற் சுருக்கத்தைக் கத்தோலிக்கச் சபை விலக்கிய நூல்களின் பட்டியலிற் சேர்த்தது. இருபுறமும் அடி.

கையொப்பமிட்டிருந்தால் சபையில் மதிப்பும், தூபிங்கனிற் பதவி கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. கத்தோலிக்கராயிருந்தால் பேரரசரின் தயவு உண்டு. பிற்காலத்தில் அவ்வழைப்பும் வந்தது. இரண்டையும் அவர் ஏற்கவில்லை. கையொப்பமிடுவது கையின் செயல். அதனைச் செய்யவும் தவிர்க்கவும் கூடும். அக்கையொப்பம் குறிக்கும் நம்பிக்கையை உண்டாக்குவது எவ்வாறு? நமது முன்னோர்க்கு இஃது அயலான செய்தியன்று. கெப்பிளரைச் சபை முற்றாக விலக்கிய அதே 1619இலேதான் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. பின் ஒல்லாந்தர் காலத்தில், உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் கோயிற்பற்றுப் பதிவேட்டிற் பெயர் எழுதுவித்து, வீட்டுள்ளே சைவராய் வாழ்ந்தோர் பலர். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. பிள்ளை குட்டிகளைக் காக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் வாழ்வும் கெப்பிளர் வாழ்வும் கூறும் செய்தி ஒன்றே. அரசாணை ஏட்டை மாற்றும். அதற்கப்பால் அதன் கை எட்டாது.

இனித் தாயின் கதைக்கு வருவோம். 1615இல், கத்தரீனா கொடுத்த பானத்தைக் குடித்தே தனக்கு நோய் வந்தது என்று அயலாள் ஒருத்தி முறையிட்டாள். கதை ஊரிற் பரவிற்று. ஒருவனுக்குக் கால் முடமானது கிழவியால். இன்னொருவனின் மாடு செத்ததும் கிழவியால். சூனியக்காரி எனப் பெயர் வந்தபின் பழைய துன்பங்களெல்லாம் புதிய பொருள் பெற்றன. இங்கேயும் நிகழ்ச்சிகள் உண்மையே: அவள் நோயுற்றது உண்மை, மாடு செத்தது உண்மை. அவற்றைக் கோத்த நூலே பொய். 1620இல், எழுபது வயது கடந்த அம்முதியவளைச் சங்கிலியிட்டுச் சிறை வைத்தனர். கெப்பிளர் லின்சிலிருந்து நெடும்பயணஞ் செய்து வந்து, வழக்கைத் தாமே முன்னின்று நடத்தினார். சூனியம் என்று ஒன்று இல்லையென்று அவர் வாதாடவில்லை. அக்காலத்து நம்பிக்கையினின்றும் அவ்வகையில் அவர் விடுபட்டவரல்லர். செவ்வாயைச் சோதித்தது போலவே ஒவ்வொரு சாட்சியத்தையும் சோதித்தார். நோய் எப்போது தொடங்கிற்று? அதற்குமுன் உண்ட மருந்து எது? முன் கூறியதும் பின் கூறியதும் ஒக்கின்றனவா? 14 மாதச் சிறைக்குப்பின், சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அத்தாய் செய்யாததைச் செய்தேன் என்னாமையால் 1621இல் விடுதலையானாள். மறு ஆண்டு இறந்தாள்.

இத்துன்பங்களின் நடுவே, 1618ஆம் ஆண்டு வைகாசியில், கோள் சுற்றுங் காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்கு விகிதசமன் என்னும் மூன்றாம் விதியைக் கண்டார். பங்குனியிலேயே அது தோன்றிற்று. கணக்குப் பிழையொன்றினால் அப்போது தள்ளிவிட்டவர், பின் மீண்டும் அதனிடமே வந்தார்.

ஆனால் 1621இல் தம் இளமை நூலை, அந்த ஐந்து திண்மங்களின் நூலை, குறிப்புகள் சேர்த்து மீண்டும் பதிப்பித்தார் என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 25 ஆண்டுகளில் எத்தனையோ திருத்தங்கள் செய்தார். மூல எண்ணத்தை மட்டும் விடவில்லை. அளவுகள் இசையாத இடங்களுக்கு இசை நூலின் சுரப்பொருத்தத்தைக் கொண்டு சமாதானங் கண்டார். 8 கலையைப் பொறுக்காதவர் இதனை எவ்வாறு பொறுத்தார்? எமக்குத் தோன்றுவது இது: வட்டத்தை நம்பியபோது, இது தவறினால் இன்ன இடத்திற் காட்டிக்கொடுக்கும் என்ற நிலை இருந்தது. திண்மங்களின் கொள்கை எங்கே தவறினாலும் அதற்கொரு சமாதானம் காத்திருந்தது. அவ்வாறு அமைந்த நம்பிக்கையை எவ்வளவு கூரிய அறிவும் அசைக்க மாட்டாது. அன்பும் உடன் சேர்ந்தாற் சொல்லவேண்டியதில்லை. 1781இல் ஏர்செல் ஏழாவது கோளைக் கண்டபோது ஐந்து திண்மங்களுக்கு இடமில்லாமற் போயிற்று. அப்போது கெப்பிளர் இறந்து 150 ஆண்டுகள் கடந்துவிட்டன.

எஞ்சிய காலம் அலைச்சலே. முப்பதாண்டுப் போர் மூண்டது. லின்ஸ் முற்றுகையில் அச்சகம் எரிந்தது. தைக்கோவின் அவதானங்களையும் தமது விதிகளையுங் கொண்டு கணித்த கோள் அட்டவணையை 1627இல் ஊல்ம் நகரில் அச்சிட்டு முடித்தார். தமக்கு வரவேண்டிய பணத்தைத் தேடிக் குதிரையேறிப் புறப்பட்டவர், ரேகன்ஸ்பேர்க் நகரில் நோயுற்று, 1630ஆம் ஆண்டு கார்த்திகை 15ஆந் திகதி காலமானார். அவரை அடக்கஞ் செய்த இடமும் போரில் அழிந்தது.

இறக்குமுன் அவர் ஓர் அறிவித்தலை வெளியிட்டிருந்தார். 1631 கார்த்திகை 7ஆந் திகதி புதன் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும். தம் கணக்குத் தவறவுங் கூடுமாதலின் முதல் நாளும் மறுநாளும் நோக்குக என்பது அதன் செய்தி. அதுவரை எவரும் அக்காட்சியைக் கண்டதில்லை. பாரிசு நகரில் கசெண்டி என்பவர் இருட்டறை ஒன்றிலே ஞாயிற்றின் உருவைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். குறித்த நாளிற் சிறு கரும்புள்ளி ஒன்று தோன்றிற்று. புதன் இவ்வளவு சிறிதாயிராது என்று எண்ணிய அவர், அதனை ஞாயிற்றுக் கறையென்றே முதலிற் கொண்டார். ஆயினும் தாளைவிட்டு அகலாது, அதன் இடத்தை மீண்டும் மீண்டும் குறித்துவந்தார். கறை அத்துணை விரைவாக நகராது. புள்ளியோ நகர்ந்துகொண்டே சென்றது.